ஒரு மணிக்குத் திரும்பிவிட வேண்டும்

ஸ்காட்லாந்துக்கு நான் போனது ஒரு தொழிற்சாலையைக் கழற்றிக்கொண்டு வருவதற்கு. ஊர் சுற்றிப் பார்ப்பதற்கு அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்ததிலிருந்து எங்கள் ஊர் படப்பையில் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்னென்ன பாத்தீங்க?" என்று கேட்கிறார்கள். நான் பார்த்தது பெரும்பாலும் போல்ட்டுகள்.

ஒரகடத்தில் நான் வேலை செய்யும் கம்பெனிக்கு அங்கே ஒரு சின்ன ஊரில் பழைய ஆலை ஒன்று இருந்தது. லாரி பிரேக்குக்கான வால்வுகளைக் கோத்து, சோதித்து அனுப்பும் ஒரே ஒரு லைன்தான் அதில் மிச்சம். ஆலையை மூடிவிட்டு லைனைப் பெட்டிகளில் கட்டி ஒரகடத்துக்கு அனுப்புவது என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. அங்கே இருந்தவர்களுக்கு அந்த மாதத்தோடு வேலை முடிந்தது. எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொண்டு, அதை இங்கே மறுபடி பூட்டி ஓடவைக்கும் பொறுப்பு என் தலையில். துணைக்கு எலக்ட்ரீஷியன் பாபு.

பாபு மண்ணூர்க்காரன். ஷிஃப்ட் முழுவதும் பேசிக்கொண்டேதான் வேலை செய்வான். அவன் வாயை மூடினால் லைனில் ஏதோ கோளாறு என்று எங்கள் ஆட்கள் கேலி செய்வார்கள். மேலதிகாரிகள் எதிரில் எனக்கு "மேடம்", அவர்கள் இல்லாவிட்டால் "அக்கா".

கிளம்பும்போதே நான் களைத்துப்போய்த்தான் இருந்தேன். அதற்கு முந்தைய மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததாகவே நினைவில்லை. என் கணவர் சேவியருக்குத் தண்டலம் பக்கம் ஒரு கிடங்கில் வேலை, பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். அவர் வரும்போது நான் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பேன். தெருமுனையில் பார்த்துக்கொள்வோம். "சாப்பிட்டியா?" என்பார். "தோசை மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு" என்பேன். எங்கள் குடும்ப வாழ்க்கை அநேகமாக அந்த இரண்டு வரிகளில் நடந்துகொண்டிருந்தது.

முதல் நாள் காலை, தங்கியிருந்த வீட்டு அம்மா ஆளுக்கொரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி வைத்தார். உப்பு போட்டது. தொட்டுக்கொள்ள எதுவும் இல்லை.

பாபு கிண்ணத்தை வெகுநேரம் பார்த்தான். "யக்கா, நம்ம ரெண்டு பேருக்கும் ஜொரம்னு யாருனா சொல்ட்டாங்களா?" என்றான்.

அடுத்த நாளிலிருந்து மாங்காய் ஊறுகாய்ப் பொட்டலத்தோடு சாப்பிட வந்தான். கஞ்சியின் நடுவில் அது சிவப்பாகப் பரவுவதைப் பார்த்து அந்த அம்மா முதலில் பதறினார். பிறகு ஒரு கரண்டி வாங்கிச் சுவைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "குளிர்காலத்துக்கு நல்லது" என்றார்.

இரண்டாம் நாள் பஸ்ஸைத் தவறவிட்டோம். தவறவிட்டோம் என்றால் தாமதமாகப் போனோம் என்று அர்த்தமில்லை. நிறுத்தத்தில் நேரத்துக்கு நின்றோம். பஸ்ஸும் நேரத்துக்கு வந்தது. எங்களைப் பார்த்துக்கொண்டே நிற்காமல் போய்விட்டது. அங்கே கையை நீட்டினால்தான் பஸ் நிற்குமாம். படப்பையில் நாம் சும்மா ரோட்டைக் கடந்தாலே ஷேர் ஆட்டோ பக்கத்தில் வந்து நின்று "ஒரகடம், ஒரகடம்" என்று கூப்பிடும். வேண்டாம் என்று சொன்னாலும் கொஞ்ச தூரம் கூடவே வரும். அப்படிப் பழகிய எங்களுக்கு இது அவமானமாக இருந்தது. அடுத்த பஸ் மதியம். தூறலில் நடக்க ஆரம்பித்தோம்.

பாதி வழியில் ஒரு பழைய கார் நின்றது. ஓட்டிவந்த பெண்மணி கதவைத் திறந்துவிட்டு, "நீங்கள் லைனுக்கு வந்தவர்கள்தானே, ஏறுங்கள்" என்றார். ஐம்பதை ஒட்டிய வயது, நரைத்த குட்டை முடி. அந்த லைனின் சூப்பர்வைசர், பெயர் மோராக். அவர் பேசிய ஆங்கிலம் எனக்கு அன்று பாதிகூடப் புரியவில்லை. "தெலுங்கு மாரியே கீதுக்கா" என்று பாபு பின்சீட்டிலிருந்து கிசுகிசுத்தான்.

அவருடைய வேலையை எடுத்துக்கொண்டு போக வந்தவர்களை அவரே காரில் ஏற்றிப் போகிறார். என்ன பேசுவது என்று தெரியாமல் "நல்ல மழை" என்றேன். "இது மழை இல்லை" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் மறுநாளும் அதே இடத்தில் கார் நின்றது, அதற்கு மறுநாளும்.

பகல் முழுக்கக் கழற்றுவது, குறிப்பது, கட்டுவது. மாலையில் சாப்பிட ஊரில் ஒரே கடை. வறுத்த மீனும் உருளைக்கிழங்கும். ஒரு நாள் பக்கத்து மேசையில் ஆலையின் ஆட்கள் இருவர் எங்களுக்குப் புரியாது என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சு அதற்குள் எனக்குக் காதில் பழகியிருந்தது.

"இவங்கதான் தூக்கிட்டுப் போக வந்தவங்க."

"அந்தம்மாவைப் பாரு, தட்டுலயே தூங்கிடும் போல."

"இவங்களுக்கும் இதே கதி எப்பவோ ஒரு நாள் வரும். விடு."

நான் மீனில் முள் எடுப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அந்த மீனில் முள்ளே இல்லை.

வியாழக்கிழமை மோராக் என்னிடம் கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீங்க?"

"தூங்குவேன்."

"நான் மலை ஏறப் போறேன். வர்றீங்களா?"

வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் பாபு ஏணியிலிருந்து இறங்கிவிட்டான். "போலாம்க்கா! இவ்ளோ தூரம் வந்துகினு இன்னாத்துக்கு ரூம்ல பட்த்துனு கெடக்கணும்? எம்பொண்ணு டெய்லி கேக்குது, மலை இன்னா சைஸ்னு."

மலையின் பெயர் ஷீஹேலியன். அதைச் சரியாகச் சொல்ல எனக்கு ஒரு நாள் ஆனது. பதிலுக்கு அவரை ஸ்ரீபெரும்புதூர் என்று சொல்லச் சொன்னேன். இரண்டு முறை முயன்றுவிட்டு, "நீங்க ஜெயிச்சீங்க" என்றார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நான் நினைத்திருந்தது, மலை ஏறுவதென்றால் காலையில் எழுந்து போய் ஏறுவது. மோராக்குக்கு அது ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஒரு ஷட்டவுனுக்குத் திட்டம் போடுவது மாதிரி. வெள்ளிக்கிழமை மாலை அவர் வீட்டுச் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்தார். சுழித்துச் சுழித்து ஓடிய கோடுகளைக் காட்டி, "இதுங்க நெருங்கி வந்தா செங்குத்து, விலகினா மூச்சு விடலாம்" என்றார். எங்கும் மூச்சு விடுகிற மாதிரித் தெரியவில்லை. மலைகளுக்கென்றே தனியாக வானிலை அறிக்கை இருக்கிறது. உச்சியில் காற்று எப்படி, மேகம் எந்த உயரத்தில், நடக்க முடியுமா என்று அதில் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு, காலையில் பரவாயில்லை, மதியத்துக்கு மேல் மேகம் இறங்கும் என்று போட்டிருந்தது.

பருத்தித் துணி கூடாது என்றார். நம் ஊரில் பிறந்ததிலிருந்து காட்டன்தான் உடம்புக்கு நல்லது என்று கேட்டு வளர்ந்த எனக்கு அது புதிதாக இருந்தது. நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும் என்றார். அவருடைய தங்கையின் பூட்ஸ் எனக்கு ஏறக்குறையப் பொருந்தியது. பாபுவுக்கு எதுவும் பொருந்தவில்லை. அவன் தன் சேஃப்டி ஷூவைத் தூக்கிக் காட்டினான். முன்பக்கம் இரும்பு வைத்தது. மோராக் அதைத் திருப்பி அடிப்பாகத்தை அழுத்திப் பார்த்தார். "கனமா இருக்கும். ஆனா பிடிக்கும்" என்றார்.

"இப்ப முக்கியமான விஷயம். ஒரு மணிக்குத் திரும்பணும். எங்க இருந்தாலும் சரி."

"உச்சி எதிர்லயே தெரிஞ்சா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சாலும்."

பிறகு இன்னொன்று கேட்டார். "நாம சொன்ன நேரத்துக்கு இறங்கலைன்னா, உங்களுக்காக நான் யாருக்குத் தெரிவிக்கணும்?"

நான் யோசிக்காமல் எங்கள் ஆலை மேலாளரின் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தேன். மோராக் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்க மேலதிகாரியையா?"

பாபு என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் சேவியரின் நம்பரைச் சொன்னேன். அதை நினைவுபடுத்திச் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது.

டீ போட்டுக்கொண்டே மோராக் சொன்னார், "இந்த வருஷம் என்னால திட்டம் போட முடிஞ்சது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் மத்தவங்க போட்டது." கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டுத் தொடர்ந்தார்: "உங்க கம்பெனி என்னைக் கூப்பிட்டாங்க, தெரியுமா? அங்க வந்து லைனைப் பூட்டி ஓடவெச்சுக் குடுத்துட்டுப் போங்கன்னு. முடியாதுன்னுட்டேன். என் கையால அதை இன்னொரு ஊர்ல ஓடவிட மாட்டேன். உங்க மேல கோபம் இல்ல. ஆனா மாட்டேன்."

எனக்குத் தெரியாது. மறுநாள் மேலாளரும் அதையே சொன்னார்.

சனிக்கிழமை காலை மேலாளர் போனில் வந்தார். ஞாயிற்றுக்கிழமை மலை ஏறப் போகிறோம் என்று பாபு ஏற்கெனவே வாட்ஸாப்பில் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தான்.

"போய்ட்டு வாங்க, நல்லா என்ஜாய் பண்ணுங்க. அப்படியே அந்தம்மாகிட்ட பேசிடுங்க ஜெசிந்தா. மூணு மாசம் வந்து செட் பண்ணிக் குடுத்தா போதும். ஹெச்ஆர்ல கேட்டு முடியாதுன்னுட்டாங்களாம். லேடீஸ் லேடீஸ் பேசினா வேற மாதிரி இருக்கும்."

"அவங்க வர மாட்டாங்க சார்."

"மனசு மாறும். மலை மேல நல்ல மூட்ல இருப்பாங்க. கேட்டுப் பாருங்க. இல்லன்னா நீங்கதான் பாத்துக்கணும், அதையும் யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். நான்தான் பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். இன்னும் பல மாதங்களுக்கு ஞாயிறு இல்லை, தெருமுனையில் சேவியரோடு இரண்டு வரி. மோராக் வந்தால் எல்லாம் பாதியில் முடியும். அவர் வந்து படப்பையில் எங்கள் வீட்டில் மீன்குழம்பு சாப்பிடுவதுகூட மனதில் ஓடியது. கேட்பதில் என்ன தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டுவிடுவது என்றுதான் அன்று படுக்கப் போனேன்.

அதற்குமுன் சேவியரைக் கூப்பிட்டேன். "நாளைக்கு மலை ஏறப் போறோம். நான் திரும்பி வரலைன்னா ஒருத்தங்க உங்களுக்குப் போன் பண்ணுவாங்க."

"என்ன பேச்சு இது? நம்ம வீட்டு மாடிப்படி ஏறவே மூச்சு முட்டுதும்பியே, உனக்கு மலையா?" என்றார். பிறகு, "எத்தனை மணிக்கு இறங்குவ? நான் முழிச்சிருக்கேன்" என்றார். நைட் ஷிஃப்ட் இல்லாத ஒரே நாளில்.

ஞாயிறு காலை வானம் கழுவிவிட்டது போல இருந்தது. ஏரி ஓரமாக வளைந்து வளைந்து போன சாலையில் ஆடுகள் காருக்கு வழிவிடாமல் நின்றன. அந்த விஷயத்தில் மட்டும் நம் ஊர் மாடுகளின் நினைவு வந்தது. மலை தூரத்திலிருந்து பார்க்கக் கூம்பு மாதிரி இருந்தது. பாபு அதைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினான். "சின்னதா கீதேப்பான்னு சொல்லுது" என்றான் வருத்தமாக.

முதல் அரை மணி நேரம்தான் மோசம் என்று மோராக் சொல்லியிருந்தார். இரண்டாவது அரை மணி நேரமும் அப்படித்தான் இருந்தது. கற்கள் பதித்த பாதை. இரண்டு பக்கமும் வாடிப்போன ஊதாப் பூப் புதர். எதிரே இறங்கி வருகிறவர்கள் எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். என்னிடம் பதில் சொல்ல மூச்சு இல்லை. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பதி எங்களைத் தாண்டிப் போனார்கள். அவர்களுடைய நாய் இரண்டு முறை தாண்டிப் போயிற்று, நடுவில் எங்களை விசாரிக்க ஒரு தடவை திரும்பி வந்ததால்.

பாபு நிறுத்தாமல் பேசினான். "பல்லாவரம் மலை மேல ஏறிக்கிறேன், திருக்கழுக்குன்றம் ஏறிக்கிறேன், அங்கல்லாம் மேல போனா சாமி இருக்கும். இங்க இன்னாக்கா இருக்கும்?" மோராக்கிடம் கேட்டேன். "கல்லு" என்றார்.

உண்மைதான். பாதை முடிந்த இடத்தில் கற்கள் ஆரம்பித்தன. ஜல்லி லாரி கவிழ்ந்த மாதிரி, ஒவ்வொன்றும் பானை அளவு, பெட்டி அளவு. கால் வைத்த இடமெல்லாம் ஆடியது. உச்சி வந்துவிட்டது என்று பாபு கத்துவான். ஏறிப் பார்த்தால் அதற்குப் பின்னால் இன்னொன்று. மூன்றாவது முறை அவன் கத்தவில்லை. அதற்குள் மேகம் இறங்கிவிட்டது. மதியத்துக்கு மேல் என்று சொன்னது முன்பே வந்துவிட்டது. காற்று பக்கவாட்டில் தள்ளியது. படமெடுக்கக் கழற்றிய பாபுவின் கையுறை ஒன்று பறந்து காணாமல் போனது.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி. மோராக் முன்னால் போய்க்கொண்டே இருந்தார். அவருக்கு நேரம் தெரியாமல் இருக்காது. இன்னும் கொஞ்ச தூரம் போனோம். எதிரில் இறங்கி வந்த ஒருவர், "பத்து நிமிஷம்தான், ஆனா ஒண்ணும் தெரியலை" என்று சொல்லிவிட்டுப் போனார். மோராக் இன்னும் வேகமாக நடந்தார். அவருடைய சிவப்பு மழைக்கோட்டு வெள்ளையில் கரைந்து கரைந்து தெரிந்தது.

அப்போதுதான் பின்னால் சத்தமே இல்லை என்று உறைத்தது. திரும்பினேன். பாபு ஒரு கல்லில் கைவைத்து நின்றுகொண்டிருந்தான். பேசவில்லை. உதடு வெளுத்திருந்தது. "பாபு?" என்றேன். தலையை ஆட்டினான், என்னவென்று கேட்காமலேயே.

"மோராக்!" என்று கத்தினேன். காற்றில் அது போகவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். சிவப்புக் கோட்டு நின்றது.

"ஒரு மணி தாண்டியாச்சு. திரும்பலாம்."

"இன்னும் கொஞ்சம்தான்."

"நீங்கதான் சொன்னீங்க."

"நான் என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும்!"

"பாபு பேசலை" என்றேன்.

அவர் இறங்கி வந்தார். அவனைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் அவனை உட்காரவைத்து, விறைத்த கையைத் தன் கோட்டுக்குள் வைத்துச் சூடேற்றினார். பையிலிருந்து உபரிக் கையுறை, குல்லாய், ஃபிளாஸ்க்கில் டீ. நான் சாக்லேட்டை உடைத்து அவன் வாயில் வைத்தேன். பத்துப் பதினைந்து நிமிடம் போயிருக்கும்.

"வெரல்லாம் எங்க கீதுன்னே தெர்லக்கா" என்றான் பாபு. அந்தக் குரலைக் கேட்டதும் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

மோராக் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் போனேன்.

"இன்னிக்கு மேல நிக்கணும்னு நெனச்சேன்" என்றார். "நாளைக்கு நீங்க கடைசிப் பெட்டியைக் கட்டுவீங்க. அதுக்கப்புறம் காலைல எழுந்து நான் எங்க போறதுன்னே தெரியலை. யாராவது எங்கயாவது வான்னு கூப்பிட்டா எழுந்து போயிடுவேன் போல இருக்கு. எங்கன்னாலும்."

மேலாளர் சொன்னது சரிதான், மலை மேல் மனசு மாறியிருந்தது. வாயைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அது நாக்கின் நுனியில் இருந்தது. எனக்கும் எத்தனையோ ஞாயிறுகள் மிச்சமாகும்.

"எழுந்திரிங்க, கீழ போலாம்" என்றேன்.

கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு எழுந்தார்.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். மேகத்துக்குக் கீழே வந்ததும் ஏரி வெயிலில் கிடந்தது, மேலே ஒன்றுமே நடக்காதது போல. பாபு மறுபடி பேச ஆரம்பித்திருந்தான். உச்சிக்குப் போகாததை மகளிடம் எப்படிச் சொல்வது என்பது அவன் கவலை. கார் நிறுத்திய இடத்தில் மோராக் என்னிடம், "நீங்க கத்தலைன்னா நான் போயிருப்பேன்" என்றார். மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. சேவியர் முதல் ரிங்கிலேயே போனை எடுத்தார்.

மறுநாள் கடைசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது மேலாளர் கூப்பிட்டார்.

"கேட்டீங்களா?"

"கேக்கலை சார்."

"ஏன்?"

"மலை ஏறப் போனேன் சார்."

"அப்ப நீங்கதான் பாத்துக்கணும்" என்றார்.

"சரி சார்."

பெட்டிகள் ஒரகடம் வந்து சேர்ந்தன. லைன் ஓட ஆரம்பிக்க நான் பயந்ததைவிட அதிக நாள் ஆனது. அத்தனை ஞாயிறும் போனது. நடுவில் ஒரு நாள், வால்வுகளைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்திருந்தபோது பாபு கேட்டான்: "யக்கா, அந்தம்மாவ அன்னிக்கே ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல? வந்திருப்பாங்களோ இன்னாவோ."

வந்திருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.